பஸ்ரா போனவர்களுக்குத் தைத்த செருப்பு

வெள்ளைக்காரச் சர்க்காரின் பெரிய சண்டை முடிந்து திரும்பியவர்களுக்கு ஊருக்கு ஊர் ஏதேதோ ஞாபகப் பொருள் கொடுத்தார்கள். ஒரு ஊரில் பேர் வெட்டிய பித்தளைத் தகடு என்றார்கள், வேறெங்கோ சால்வை, வெள்ளிக் கிண்ணம் என்றார்கள். ஆம்பூரில் எங்கள் தெருவில் செருப்பு கொடுத்தோம். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு அலுத்துப்போனது, அதனால் ஒரேயடியாக எழுதிவைத்துவிடுகிறேன்.

எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் தோல் பதனிடும் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றார்கள். மீதிப்பேர் வீட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்தார்கள். பெண்கள் நாங்கள் ஆவாரம்பட்டை இடித்தோம். அந்தப் பட்டைத் தண்ணீரில்தான் தோல் ஊறும். ஊரார் காலுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடந்தவர்களை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. கையில் வசதி இல்லாதது ஒரு பக்கம். போட்டால் சும்மா விட மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வர வேண்டுமானால் பெரிய வீடுகள் உள்ள தெரு ஒன்றைத் தாண்ட வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் காலில் செருப்போடு போகக் கூடாது. எந்தச் சர்க்காரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனாலும் எல்லாரும் அதற்கு அடங்கித்தான் நடந்தோம்.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்தானோ என்னவோ, வாயைத் திறந்ததும் பூட்ஸைப் பற்றித்தான் பேசினான். துப்பாக்கி தூக்க வேண்டாம், கடல் தாண்டி அரபு நாட்டுப் பஸ்ராவில் ரோடு போட வேண்டும், கப்பலிலிருந்து மூட்டை இறக்க வேண்டும், சோறு உண்டு, துணி உண்டு, ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் உண்டு என்றான். என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்துவிட்டார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரே ஒரு கிறிஸ்துமஸ்தான் போயிருந்தது.

"ஒரு பூட்ஸுக்காவவா மாமா கடலத் தாண்டிப் போற?" என்று கேட்டேன்.

"நீ இன்னா கண்ட? அந்த பூட்ஸுக்குத் தோலே இங்கர்ந்துதான் போவுது. நாம ஊற வச்சத நாமளே ஒரு தபா போட்டுப் பாக்க வாணாமா?"

அதற்கு மேல் அவரோடு பேசிப் பயனில்லை. சிரித்துக்கொண்டே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிற ஆள். அவர் என் அத்தை மகன்தான், அதாவது என் அப்பாவுடைய அக்காவின் பிள்ளை. அத்தைக்கு வேறு பிள்ளை கிடையாது, புருஷனும் எப்போதோ போய்விட்டான். அந்தச் சிரிப்புக்கு அத்தையும் நானும் நெடுங்காலமாக ஏமாந்து பழகியவர்கள்.

செருப்பு யோசனையைச் சொன்னவர் உபதேசியார். எங்கள் சின்னக் கோயிலில் ஜெபம் நடத்துவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. போகிறவர்களின் காலை இப்போதே அளவெடுத்து வைத்துக்கொள்வோம், திரும்பி வரும்போது தெருவே கூடி ஆளுக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுப்போம், அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெரிய தெரு வழியாகவே வரட்டும், சர்க்காருக்காகச் சண்டைக்குப் போய் வந்தவனை எவன் என்ன கேட்டுவிடுவான் பார்க்கலாம் என்றார். சாதுவான மனிதர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

புறப்படுகிற அன்று கோயில் முற்றத்தில் தோல் துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொருவராக அதன்மேல் ஏறி நிற்க, பாதத்தைச் சுற்றிக் கரியால் கோடு போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு உள்ளங்காலில் கூச்சம். கரி பட்டதும் நெளிந்து துள்ளினார், கோடு ஓரிடத்தில் பிசகிப்போய் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அவருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம்.

"பொம்பளைக்கு இப்டி நீட்டா இருந்தா புருசன ஆட்டி வைப்பான்னு சொல்லுவாங்க. ஆம்பளைக்கு இருந்தா இன்னாவாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வீட்ல தங்க மாட்டான். அதான் தெரியுதே" என்றாள் அத்தை. முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். போகிறவர்களை அப்படித்தான் அனுப்பிவைத்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பட்டாளத்துக்கு எவ்வளவு பூட்ஸ் தைத்தாலும் போதவில்லையாம், மண்டியில் தொட்டிகள் ஓயவே இல்லை. பட்டை இடித்து இடித்து என் கை மணிக்கட்டுவரை செம்பழுப்பாகிவிட்டது. சாப்பாட்டைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த வாசனை வரும். களைப்பில் அவரை நினைக்கக்கூட முடியாத நாட்கள் நிறைய இருந்தன. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

சண்டை நின்றது என்று தெரிந்ததும் தெரு முழுவதும் உட்கார்ந்து தைத்தது. மண்டியில் நன்றாக ஊறிப் பதமான தோலாகப் பார்த்து எடுத்தார்கள். வேலை முடிந்த ஜோடிகளைக் கோயில் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினார்கள். ஜெபத்துக்குப் போனால் புதுத்தோல் வாசனைதான். எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது நான் கண்ணைத் திறந்து எங்கள் ஜோடியைப் பார்த்துக்கொள்வேன். பெருவிரலுக்கு ஒரு வளையமும் குறுக்கே ஒரு பட்டையும் வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு பேர், மூன்று பேராக ரயிலில் வந்து இறங்கினார்கள். வருகிறவனின் பெண்டாட்டியோ தாயோ ஸ்டேஷனுக்கு வெளியில் வேப்பமரத்தடியில் அவன் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, சொம்புத் தண்ணீரால் காலைக் கழுவித் துடைப்பாள். உபதேசியார் செருப்பைக் கீழே வைப்பார். இதுதான் முறை என்று வைத்துக்கொண்டோம். முதல் ஆள் காலை நீட்டியபோதுதான் எங்கள் தப்பு எங்களுக்குத் தெரிந்தது. கால் அளவில் எங்களை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று பெருமை பேசுகிறவர்கள் நாங்கள். வருஷக்கணக்காக பூட்ஸுக்குள் அடைந்து கிடந்த கால், போனபோது இருந்த காலாக இருக்காது என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிலருக்கு விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சிலருக்குப் பாதம் வீங்கிப் பருத்திருந்தது. வளையத்துக்குள் விரல் நுழையவில்லை, பட்டைக்குள் பாதம் அடங்கவில்லை.

ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திணித்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பெரிய தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கத்தினார். எங்கள் காக்கிச் சட்டைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பிற்பாடு எங்கள் தெருவில் இதை வீரம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். நான் கூடவே நடந்தவள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததில் பாதி வீரம், பாதி செருப்புக்கடி. தெருவைத் தாண்டி எங்கள் இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து கொப்புளத்தைத் தடவிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஆணியாகக் காலியானது. கடைசியில் எங்கள் ஜோடி மட்டும் தொங்கியது.

கூடப் போனவர்களில் கடைசியாக வந்தவனிடம் அத்தை விசாரித்தாள். பஸ்ராவில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டதென்றும், ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்களென்றும், மறுநாளே தங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களென்றும் சொன்னான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. வேலூருக்குப் போய்ச் சர்க்கார் ஆபீசுகளில் கேட்டோம். எங்கள் ஆளைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை என்றார்கள். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை.

பட்டாளத்து ரயில் என்று யார் சொன்னாலும் அத்தையும் நானும் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ரயில் போன பிறகு அந்தத் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டுத் திரும்புவோம். பிறகு அந்த ரயில்களும் நின்றுபோயின. நான் தலையில் பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. என் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு மண்டிக்கு வந்தார்கள். எனக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆலங்காயத்து ஆள் வந்து சேர்ந்தான். எங்கள் தெருப் பெண்ணைக் கட்டியவன். அவன் ஆலங்காயத்திலிருந்தே பட்டாளத்துக்குப் போனவன், அதனால் எங்கள் கோயிலில் அவன் கால் அளவு கிடையாது. எல்லாருக்கும் பின்னால் மெலிந்து வந்தான், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். எங்கள் தெருவிலேயே குடியிருந்து மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். சண்டைக்குப் போன எல்லார் காலிலும் செருப்பு இருக்க, அவன் மட்டும் வெறுங்காலோடு போய்வந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டிதான் உபதேசியாரிடம் போய் அழுதாள். புதிதாகத் தைக்கலாம் என்றால் பட்டாளத்து ஆர்டர் நின்று மண்டிகள் படுத்துவிட்ட நேரம் அது. நல்ல தோலைத் தொட்டால் முதலாளி கையை ஒடிப்பார்.

உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பாலாற்றில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சுத்தி வளைக்காதீங்க ஐயா. அவரு செருப்பக் கேக்க வந்துகீறீங்க. அதான?"

"சும்மாத்தானேம்மா தொங்குது. அவன் வந்தா வேற தச்சிக்கலாம்."

அந்த 'வந்தா' என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவில் எல்லாரும் அதை அப்படித்தான் சொன்னார்கள், செத்த வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவதைப்போல. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் செருப்பு அங்கே தொங்கும்வரைதான் அவர் வர வேண்டிய ஆள். அதை எடுத்து இன்னொருத்தன் காலில் மாட்டிவிட்டால் அவர் கதை அதோடு முடிந்தது.

"குடுக்க முடியாது. அவரு உசுரோட கீறாரு. வருவாரு" என்றேன்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "குடுத்துடலாங்க ஐயா. ஞாயித்துக்கெழம எடுத்துக் குடுங்க" என்றாள்.

உபதேசியார் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு அத்தைமேல் பாய்ந்தேன். பெற்றவளா நீ என்று கேட்டேன். ஒரே பிள்ளையை உன் வாயாலேயே சாகடிக்கிறாயே என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் புடைக்க ஆரம்பித்தாள். நான் கத்தி ஓய்ந்த பிறகுதான் பேசினாள்.

"எனக்கு ஓஞ்சி போச்சிடி. நான் இன்னிக்கோ நாளைக்கோ போய்டுவேன். உனக்கு வயசு கீது. அது அங்க தொங்கற வரைக்கும் உன்ன எவனும் வந்து கேக்க மாட்டான். அத்த மவன் பொண்டாட்டி, அத்த மவன் பொண்டாட்டின்னு சொல்லிக்கினு அந்த ஆணிய பாத்துக்கினே கெழவியாய்டுவ. அவன் போய்ட்டான். நான் சொல்றேன், பெத்தவ சொல்றேன். நீ போய் பொழைக்கிற வழியப் பாரு."

எங்கள் ஜனங்களில் புருஷன் செத்த சின்னப் பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்வது புதிதல்ல. ஆனால் அவர் செத்தார் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சர்க்கார் சொல்லவில்லை, கூடப் போனவர்கள் சொல்லவில்லை. அதனால் அத்தை சொல்லிவிட்டாள். எனக்காகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஆணியிலிருந்து ஜோடியை எடுத்துத் தர வேண்டியவள் நான்தான். எடுத்தேன். இத்தனை நாள் தொங்கியதில் தோல் விறைத்துப் போயிருந்தது. அதைக் கையில் எடுத்த நிமிஷத்திலேயே அவர் வர மாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோயிலுக்குப் பின்னால் போய் அழுது முடித்துவிட்டு வந்தேன். நான் வந்தபோது ஆலங்காயத்து ஆள் அதைக் காலில் மாட்டி நின்றுகொண்டிருந்தான். அளவெடுத்தவர்கள் ஒருவருக்கும் பொருந்தாத செருப்பு, அளவே எடுக்காத அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. என்னைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் மண்டிக்குப் போக எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை இழுத்து நடக்கிறவன் என்பதால் குதியில் தோல் தரையை அறையும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தம் வந்தபோது அத்தை அடுப்பிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். அவன் போன பிறகு திரும்பி வந்து அடுப்பை ஊதினாள். சாயங்காலம் சத்தம் கேட்டதும் திரும்பவும் எழுந்து போனாள். சரி, ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்தாள், ஜுரத்தில் படுத்திருந்தாலும் எழுந்தாள். போய்ட்டான் என்று அடித்துச் சொன்ன அதே அத்தை.

பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் அந்த ஆளிடம் நேராகவே சொன்னேன். "அண்ணா, கொஞ்ச நாளைக்கு அந்தாண்ட சந்து வழியா போங்களேன். எங்க அத்தையால முடியல." நல்ல மனுஷன். சரிம்மா என்று சொல்லிவிட்டு, சுற்றுவழி என்று பாராமல் அப்படியே செய்தான். அந்த வாரக் கடைசியில் அத்தை அவன் வீட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னாடா, எங்க வீட்டாண்ட முள்ளா கொட்டி வச்சிகீது? ஏன்டா அந்தப் பக்கமே வர மாட்டேன்ற?" என்று தெருவே கேட்கும்படி சண்டை போட்டாள். மறுநாளிலிருந்து அவன் பழைய வழியிலேயே போனான். என்னைப் பார்க்கும்போது மட்டும் நான் என்ன செய்வேன் என்பதுபோல் கையை விரித்தான்.

சொன்னபடியே அத்தை எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தாள். வாணியம்பாடிக்காரர், ரயில்வேயில் வேலை, முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். ஆளை நான் ஒருமுறை சந்தையில் பார்த்திருந்தேன். நிதானமாகப் பேசுகிறவர், கண் நல்ல கண். எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பேசி முடிக்க வந்தார்கள். அத்தை காலையிலேயே வீட்டை மெழுகி, எனக்குத் தன் கையால் தலை பின்னிவிட்டு, வெல்லம் போட்டுக் காப்பி வைத்தாள். வந்தவர்களிடம் என்னைப் பற்றி அவள் சொன்ன பெருமையில் எனக்கே கூச்சமாகிவிட்டது. கல்யாணத்தை ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. அத்தை அதற்கு ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

மண்டி விட்டு ஆலங்காயத்து ஆள் வருகிற நேரம். சத்தம் கேட்டது. அத்தை பேச்சை அப்படியே விட்டுவிட்டு, கையில் காப்பி டம்ளரோடு எழுந்து வாசலுக்குப் போனாள். காப்பி சேலையில் வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. தெருமுனையைப் பார்த்து நின்றாள். சத்தம் எங்கள் வாசலை நெருங்கியது, தாண்டியது, தேய்ந்து போனது. அதற்குப் பிறகும் நின்றாள்.

அந்த அக்கா என் பக்கம் சாய்ந்து, "யாருக்காவ பாக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

யாருமில்லை, அவள் வயதானவள், அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன். நான் வாணியம்பாடிக்குப் போய்விட்டால் நாளைக்கு அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய் நின்றுவிட்டு, அவள் யாருமில்லாத வீட்டுக்குள் திரும்பி வர வேண்டும்.

"எங்க வீட்டுக்காரருக்காவ" என்றேன். "அவரு இன்னும் வர்லீங்க. வந்துடுவாரு. மன்னிச்சிக்கோங்க, நீங்க வேற எடம் பாருங்க."

நான் அதை நம்பிச் சொல்லவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். பின்பக்கமாகவே வழி காட்டி அனுப்பிவைத்தேன். அத்தை உள்ளே வந்து காலியாக இருந்த பாயைப் பார்த்தாள்.

"எங்கடி அவங்க? அதுக்குள்ள போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க அத்த. என்னப் புடிக்கலையாம்."

அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். என் பொண்ணுக்கு இன்னா கொறச்சல், அதுங்க மூஞ்சிக்கு இவ கேக்குதா என்று வெகுநேரம் அவர்களைத் திட்டித் தீர்த்தாள். நான் டம்ளர்களைக் கழுவி எடுத்து வைத்தேன்.